ஓடையில் கொடுவா கடிக்கிறது

மேல்காற்று தொடங்கியதிலிருந்து கோலசிலாங்கூர் கழிமுகத்தில் தூண்டில் போட்டவர்கள் எல்லாம் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். தண்ணீர் ஒரே கலங்கல். கட்டிய இறால் கட்டியபடியே ஊறி வந்தது. ஆனால் சதுப்பு மரங்களுக்குள் நுழையும் இந்த ஒற்றை ஓடையில் மட்டும், தூண்டில் விழுந்ததுமே கொடுவா கடித்தது.

"எப்படி கிராணி நம்ம எடம்?" சன்னாசி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தான். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன், படகு அவனுடையது.

"கத்தாதடா. இன்னொன்னு இழுக்குது."

ஜூலியஸ் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. ஞாயிறு பூசை முடிந்தால் போதும், தூண்டிலோடு கிளம்பிவிடுவான். இரண்டாவது கொடுவா படகுக்குள் விழுந்து துள்ளியது. முழங்கை நீளம்.

"இன்னைக்கு அகதாக்கா வீட்டுக்குள்ள விடும்லா!"

"விடாம என்ன? கட்டுன பொண்டாட்டியே போன வாரம் வாளியைக் கவுத்துப் பாத்து ஊரைக் கூட்டிச் சிரிச்சா."

சிரிப்பு அடங்கியபோதுதான் ஜூலியஸ் கவனித்தான். கொக்கு இல்லை. குரங்கு இல்லை. இவ்வளவு மீன் இருக்கும் இடத்தில் ஒரு பறவைகூட உட்காரவில்லை.

வெயிலில் கெட்டுவிடக் கூடாதென்று சன்னாசி முதல் மீனின் வயிற்றைக் கீறினான். உள்ளே ஒரு சின்னக் கெளுத்தி. அதன் வயிறு ஊதியிருந்தது. விரலால் அழுத்தினான்.

வெள்ளையாகப் பிதுங்கியது. சோறு. இன்னும் கரையாத சோறு.

வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவின் அவசரகாலம் அது. காட்டுக்குள் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்விடுமென்று, தோட்டத்து முள்வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசியோ உப்போ கொண்டுபோனாலும் ஜெயில். அப்படியிருக்க, ஆள் நடமாட்டமே இல்லாத இந்த ஓடையில் யாரோ இன்றைக்குச் சோறாக்கிப் பானை கழுவியிருக்கிறார்கள். சோற்றுக்குச் சின்ன மீன் வந்தது. சின்ன மீனுக்குக் கொடுவா வந்தது.

கொடுவாவுக்கு இவர்கள் வந்திருக்கிறார்கள்.

"கம்யூனிஸ்டு ஆளுங்களா கிராணி?"

"வேற யாரு? இந்த மீனைக் கேட்டுல காவக்கார நல்லசாமி அறுத்துப் பாத்தா, நாமதான் சோறு கடத்துனோம்னு உள்ள போட்டுருவானுங்க. நேரா போலீஸ்ல சொல்லிரலாம். படகுக் கயித்தை அவுரு."

சன்னாசி கயிற்றை இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். மரவேரில் இவனே சுற்றிய கயிறுதான். அந்தப் பக்கம் ஏதோ இழுத்துப் பிடித்தது.

நீர் வற்றிக்கொண்டிருந்தது. வேர்கள் ஒவ்வொன்றாகக் கறுப்பாக வெளியே வந்தன. அவற்றில் ஒரு வேருக்கு விரல்கள் இருந்தன.

அந்த விரல்களுக்குள் கயிற்றின் நுனி இருந்தது.

கைக்கெட்டும் தூரம். இவ்வளவு நேரம் பேசியது, சிரித்தது, போலீஸ் என்று சொன்னது, எல்லாவற்றையும் பக்கத்திலேயே நீருக்குள் உட்கார்ந்து கேட்டிருக்கிறது.

"பெரிய மீனை வேருல மாட்டு." தமிழ்க் குரல். நீண்ட நாளாகப் பேசிப் பழக்கமில்லாதது போன்ற குரல். முகம் தெரியவில்லை.

ஜூலியஸின் கை தானாக மீனை எடுத்தது. செவுளில் வேரைக் கோத்து மாட்டினான்.

"இன்னொன்னையும்."

மாட்டினான்.

"கம்யூனிஸ்டுக்குத் தீனி கொடுத்தவனுக்கு என்ன தண்டனைன்னு ஆபீஸ்ல ஒட்டியிருப்பாங்களே, படிச்சிருக்கியா கிராணி?"

படித்திருந்தான். ஒட்டியதே அவன்தான்.

"அப்ப போலீசுக்குப் போக மாட்டே. அடுத்த ஞாயிறு உப்பு கொண்டு வா."

விரல்கள் விரிந்தன. கயிறு தளர்ந்து நீரில் விழுந்தது. சன்னாசி துடுப்புப் போட்ட வேகத்தில் படகு இருமுறை சேற்றில் தட்டியது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தோட்டத்துக் கேட்டில் நல்லசாமி வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு ஜூலியஸின் கையைப் பிடித்து முகர்ந்தார்.

"மீன் கவுச்சி அடிக்குது. மீனைக் காணோம்?"

"ஒன்னு மாட்டுச்சுண்ணே. கரைக்கு வரும்போது அறுத்துக்கிட்டுப் போயிருச்சு."

"எத்தாம் பெரிசு?"

ஜூலியஸ் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். நல்லசாமி வயிறு குலுங்கச் சிரித்து, வழி விட்டார்.

கூலி வீடுகள் வரிசையாய் நின்ற லயத்தை நோக்கி நடந்தார்கள். பாதி வழியில் சன்னாசி தாழ்ந்த குரலில் கேட்டான்.

"போறப்பவும் வாளியைத்தான் கவுத்துப் பாக்குறாரே. உப்பை எதுல வச்சுக் கொண்டு போறது?"

"தூண்டிலுக்குக் கொண்டு போற இறாலோட கலந்துரலாம்" என்றான் ஜூலியஸ். யோசிக்கவே இல்லை, கேட்டைத் தாண்டும்போதே அது அவனுக்குள் தயாராக இருந்தது.