ஒற்றை விசில்

கண்டக்டர் அக்காவுக்குக் காலையிலிருந்தே பயம். இருபத்திரண்டு வருடம் நெரிசல் பஸ்ஸில் நின்று டிக்கெட் கிழித்தவள், கூட்டத்தைக் கண்டு மிரளுகிறவள் அல்ல. ஆனால் இன்று அவள் கையில் சிவப்புப் பட்டை ஒன்றைக் கட்டி, பாதுகாப்புக் குழு என்று ஊர்வலத்தின் முன்வரிசையில் நிறுத்திவிட்டார்கள்.

டிப்போவை மூடி நிலத்தை விற்கப்போகிறார்கள். அதை எதிர்த்துத்தான் ஊர்வலம். போன மாதம் பக்கத்து டிப்போக்காரர்களும் இப்படித்தான் கிளம்பினார்கள். எங்கிருந்தோ நாலு பேர் நடுவில் புகுந்து கல்லை விட்டெறிந்தார்கள். அவ்வளவுதான், போலீஸ் தடியோடு பாய்ந்தது. ஒரு மெக்கானிக்குக்குக் கண் போயிற்று. ஊர்வலம் போனவர்கள் தொழிலாளர்களே இல்லை, கூட்டி வந்த கும்பல் என்று மறுநாள் டிவியில் கூசாமல் சொன்னார்கள்.

"ஒரு கல்லு விழுந்தா நம்ம கதை முடிஞ்சுது," என்றார் சங்கச் செயலாளர். "வெளியாள் ஒருத்தன்கூட உள்ள வரக்கூடாது. உங்களுக்குத்தான் எல்லா மூஞ்சியும் தெரியுமே."

எண்ணூறு முகம் யாருக்குத் தெரியும்? அடையாள அட்டையைக் கேட்கலாம் என்றால், அதேபோல நேற்றே யாரோ அச்சடித்துவிட்டதாகப் பேச்சு. சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வேறு என்ன செய்வாள்?

கடைத்தெருவில் திரும்பியதும் எதிரே போலீஸ் வரிசை. கேடயம், ஹெல்மெட், தடி. முப்பது அடி இருந்தால் அதிகம். அவள் திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தின் நடுவில் சிலர் முன்னால் வர முண்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் கட்டம் போட்ட சட்டைக்காரன். தோளில் துணிப்பை. இவனை எந்தத் தடத்திலும் பார்த்த ஞாபகம் இல்லை.

யோசித்துச் செய்ததல்ல, பயத்தில் செய்தது. கழுத்திலிருந்த விசிலை எடுத்து நீளமாக ஒன்று ஊதினாள்.

ஒரு விசில் என்றால் நில். இரண்டு என்றால் போ. பஸ்ஸில் பிழைக்கிறவர்களுக்கு அது காதைவிடக் காலுக்குத்தான் முதலில் கேட்கும். எண்ணூறு பேரும் ஆணி அடித்தாற்போல நின்றார்கள். நிற்காமல் நடந்தவர்கள் ஐந்தாறு பேர்தான்.

"நடக்கிறவனைப் பிடிங்க," என்று கத்தினாள். "அவன் நம்ம ஆள் இல்ல."

அந்த ஐந்தாறு பேரில் மூன்று நாலு பேர் தலைதெறிக்க ஓடினார்கள். இரண்டு பேர் அகப்பட்டுக்கொண்டார்கள். ஒருவன் கட்டம் போட்ட சட்டைக்காரன். இன்னொருவன் மேல் ஏழெட்டுப் பேர் விழுந்து மொத்தியதில் முகமே தெரியவில்லை. மூக்குக்கண்ணாடி மட்டும் தெறித்து அவள் காலடியில் வந்து விழுந்தது. அதன் ஒடிந்த காதில் கறுப்பு நூல் சுற்றியிருந்தது. போன வாரம் அவளே சுற்றிக் கொடுத்த நூல்.

அச்சகத்தில் பிழை திருத்துகிற அவள் வீட்டுக்காரர். வீட்டிலேயே இருங்க என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பஸ்காரர் அல்லாத குடும்பத்து ஆட்களும் வருவார்கள், அவர்கள் காலுக்கு விசில் தெரியாது என்பது விசிலை ஊதும்போது அந்தப் பாவிமகளுக்குத் தோன்றவே இல்லை.

"விடுங்கடா, அவர் என் வீட்டுக்காரர்." தொண்டை கிழிந்தது. யாரும் விடவில்லை. அவள் அப்படியே அவர் மேல் விழுந்தாள். ஓங்கின கை ஒன்று அவள் தோளில் இறங்கிய பிறகுதான் அது யாருடையது என்று பார்த்தாள். பதினோரு வருடம் அவள் பஸ்ஸை ஓட்டிய டிரைவர்.

"அக்கா, நீங்கதானே பிடிக்கச் சொன்னீங்க?" என்றான்.

"நீ பயந்துக்கிட்டே போனே, மனசு கேக்கலம்மா. அதான் வந்தேன்," என்றார் வீட்டுக்காரர். வாயெல்லாம் ரத்தம்.

நாலடி தள்ளி கட்டம் போட்ட சட்டைக்காரனை இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்கள். பையை வயிற்றோடு அணைத்துக் குறுகிக் கிடந்தான். எதிரே போலீஸ் வரிசை ஓரடி முன்னால் வந்தது. இன்னும் இரண்டு அடி விழுந்தால் அவன் செத்துப்போவான் என்று அவளுக்குத் தோன்றியது. காட்டிக் கொடுத்தது அவள்தான்.

"அவரும் நம்ம ஆள்தான். என் அண்ணன்," என்றாள்.

டிரைவர் அவளையே பார்த்தான். பிறகு, "விடுங்கப்பா, அக்காவோட அண்ணனாம்," என்று ஆட்களை விலக்கினான்.

சொன்னதை நம்பவைக்க அவள் குனிந்து பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். கனத்தது. துணி வழியாக விரலில் முனை முனையாக இடித்தது. உடைத்த செங்கல்.

அந்த ஆள் தட்டுத் தடுமாறி எழுந்தான். அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, கடைகளுக்கு நடுவில் புகுந்து போய்விட்டான்.

"குடுங்க அக்கா, நான் தூக்கிக்கிறேன்," என்றான் டிரைவர்.

"வேண்டாம்."

"உனக்கு ஏது அண்ணன்?" என்று வீட்டுக்காரர் அவள் காதோரம் கேட்டார்.

"பேசாம நில்லுங்க."

கீழே வைத்தால் அது டிப்போக்காரர்களின் கல். திறந்தாலும் அப்படித்தான். எதிரே டிவிக் கேமரா அவள் கைப்பட்டையைப் பார்த்துத் திரும்பியது. போலீஸ் அதிகாரி ஒருவர் வரிசையை விட்டு நேராக அவளை நோக்கி நடந்துவந்தார். பின்னால் எண்ணூறு பேர் இன்னும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.