மாதா வந்து நின்ற மேசை

என் வாய் சும்மா கிடக்காது என்பது குருநகரில் எல்லாருக்கும் தெரியும். அந்த வாய் ஒரு கிழமை முழுக்க மூடிக் கிடந்த கதையைத்தான் சொல்ல வருகிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை.

ஒக்டோபர் செபமாலை மாதம். எங்கள் பங்கில் அந்த மாதம் மாதாவின் சுரூபம் நாளுக்கு ஒரு வீடாகப் போகும். பின்னேரம் அயலெல்லாம் அந்த வீட்டில் கூடிச் செபமாலை சொல்வார்கள். தொண்ணூற்றொன்றில் எங்கள் முறை வந்தபோது வீட்டில் மேசை இல்லை. முந்தின வருஷம் ஷெல் விழுந்து, இருந்த தளபாடமெல்லாம் விறகாகியிருந்தது. வெறும் மண்ணெண்ணெய்ப் பீப்பாவைக் கவிழ்த்து, என் கலியாணச் சேலையை மடித்துப் போட்டு, மாதாவை ஏற்றி வைத்தேன். செபம் முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம், கோயில் மூப்பர் செபநாயகத்தின் மனைவி அற்புதராணி அக்கா எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"மாதாவும் பாவம், எண்ணெய்க்குக் கியூவிலை நிக்கிறா போலை."

எல்லாரும் சிரித்தார்கள். என் மனிசன் யாகோப்பும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த வருஷம் இந்த அக்காவின் வாயை அடைக்கிறேனா இல்லையா பார் என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன்.

அடுத்த செப்டெம்பரில், பட்டணத்தில் கனகலிங்கம் முதலாளியின் கடையில் அதைக் கண்டேன். மேசை என்று சொல்ல முடியாது. ஒரு மட்டைப் பெட்டிக்குள் பலகைகள், படம் போட்ட ஒரு கடதாசி. கொழும்பிலிருந்து வந்த சாமான், வீட்டில் நாங்களே பூட்டிக்கொள்ள வேண்டும். விலை பாதிக்குப் பாதி.

"ஏன் முதலாளி இவ்வளவு மலிவு?"

"பலகை வந்திட்டுது தங்கச்சி. நட்டுப் பை வரேல்லை. இரும்பெண்டு வழியிலை ஆமிக்காரர் எடுத்துப்போட்டாங்கள். எட்டு நட்டு, எட்டு போல்ட்டு. எங்கையாலும் தேடிப் பூட்டுங்கோ."

எட்டு நட்டுத்தானே என்று நினைத்துச் சைக்கிள் கரியரில் கட்டி உருட்டிக்கொண்டு வந்தேன். கடதாசியில் போல்ட்டை அதன் உண்மையான அளவிலேயே கீறியிருந்தார்கள். அந்தத் துண்டை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு பட்டணத்துக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். பொருளாதாரத் தடைக் காலம். ஒரு கடையிலும் இல்லை. அந்த அளவுப் போல்ட் வீட்டில் யாகோப்பின் வள்ளத்து எஞ்சினில் மட்டும் இருந்தது. நேவிக்காரர் கடலுக்குப் போக விடாததால் இரண்டு வருஷமாகச் சும்மா கிடந்த எஞ்சினைத் தினமும் துடைத்து வைப்பார்.

"அதிலை கை வைச்சியெண்டால் தெரியும்," என்றார்.

பலகைகளை வலை நூலால் இறுக்கிக் கட்டித் தந்தார். பார்க்க மேசைதான். தொட்டால் ஆடியது.

"உதிலை வைச்சால் மாதா விழுவா."

"அப்ப பீப்பாவிலை வையன்."

அந்தக் கதைதான் என்னைக் கெடுத்தது.

மாதா எங்கள் வீட்டுக்கு வர ஒரு கிழமை இருந்தது. அந்தச் சனிக்கிழமை கோயில் கூட்டுகிற முறை எனக்கு. பெண்கள் பக்கத்தில், சனம் இருக்கிற நீட்டு மர வாங்குகளில் கடைசி நாலுக்குக் கீழே குனிந்து கூட்டும்போது, முழங்காற் பலகையைப் பிடித்திருந்த போல்ட் விரலில் தட்டுப்பட்டது. கடதாசித் துண்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். அச்சொட்டாக அதே அளவு.

ஒரு பலகைக்கு நாலு. இரண்டை எடுத்தாலும் இரண்டு பிடித்திருக்கும். நாலு வாங்கில் எடுத்தால் எட்டு. பாதிச் சனம் இடம்பெயர்ந்துவிட்டது, கடைசி வாங்கில் யார் இருக்கப் போகிறார்கள்? அதுவும் யாருக்காக எடுக்கிறேன்? மாதாவுக்காக. கோயில் சாமான் கோயில் காரியத்துக்குப் போகிறது, இதில் எங்கே களவு? மாதா அடுத்த வீட்டுக்குப் போனதும் திருப்பிப் பூட்டிவிடுவேன் என்றும் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு ஓடி, எஞ்சின் பூட்டுகிற ஸ்பனரை ஓலைக் கடகத்துக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.

மேசை எழுந்து நின்றது. உள்ளங்கையை ஊன்றிப் பார்த்தேன், ஆடவில்லை. திருநாளுக்கு வாங்குகளுக்குப் பூசிய பச்சைப் பெயின்ற் போல்ட்டுகளின் தலையிலும் இருந்தது. கத்தியால் சுரண்டினேன். முழுதாகப் போகவில்லை. மேசை விரிப்பு மறைக்கும் என்று விட்டுவிட்டேன். யாகோப்பிடம் கடையில் கிடைத்ததாகப் பொய் சொன்னேன்.

மறுநாள் ஞாயிறு பூசை. எப்போதும் முன் வாங்கில் இருக்கிற அற்புதராணி அக்கா அன்றைக்குப் பிந்தி வந்து கடைசி வாங்கில் முழந்தாளிட்டார். நடுப்பூசையில் படாரென்று ஒரு சத்தம். ஷெல் என்று நினைத்துப் பாதிக் கோயில் நிலத்தில் குப்புறப் படுத்தது. பார்த்தால் முழங்காற் பலகை கழன்று, அக்கா முன்னாலிருந்த வாங்கில் அடிபட்டு விழுந்து கிடக்கிறார். மறைக்காமல் சொல்கிறேன், முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான் அவருடைய மணிக்கட்டு கோணலாகத் தொங்குவதைக் கண்டேன்.

முறிவு வைத்தியர் பச்சிலைப் புக்கை வைத்துக் கட்டினார். அதோடு முடியவில்லை. பூசை வைத்த பங்குச் சுவாமி, வாங்குகளுக்குக் கீழே குனிந்து பார்த்து எட்டு நட்டைக் காணவில்லை என்றார். அந்த நாளில் நட்டுக்கு நல்ல கிராக்கி. கோயிலைத் திறந்து பூட்டுகிறவர், வாங்குகளுக்குப் பொறுப்பானவர் மூப்பர்தான். பதினொரு வருஷம் செபநாயகம் அண்ணையின் இடுப்பில் கிடந்த கோயில் பூட்டுத் திறப்புக் கோர்வையைப் புதன்கிழமை சுவாமி திருப்பி வாங்கிவிட்டார்.

தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் கதைத்தார்கள்.

"நட்டை வித்துப்போட்டு, கடைசியிலை பெண்சாதியின்ரை கையையே முறிச்சுப்போட்டார்."

நானும் குடத்தோடு நின்றேன். நட்டுகளைக் கள்ளமாகத் திருப்பிப் பூட்டலாம், திறப்பு திரும்பி வராது. சொன்னால் நான் கள்ளி. சொல்லாவிட்டால் அவர் கள்ளன். குடம் நிரம்பி வழிந்தது, தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வருகிற வழியெல்லாம் என்னை நானே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

சனிக்கிழமை மாதா வந்தார். அற்புதராணி அக்கா வரமாட்டார் என்று நம்பியிருந்தேன். வந்தார். முறிந்த கை கழுத்தில் கட்டிய துணியில், மறு கையில் பூக்கள். செபநாயகம் அண்ணை உள்ளே வரவில்லை, வாசல் படலையடியிலேயே நின்றுவிட்டார்.

"மேசை வடிவாயிருக்கு பெர்னடெட்," என்றார் அக்கா.

முன்னுக்கு முழந்தாளிட்டு, மேசையடியில் பூ வைக்க, தொங்கிய விரிப்பைக் கொஞ்சம் ஒதுக்கினார். கண் போல்ட் தலையின் பச்சையில் நின்றது. திருநாளுக்கு அந்தப் பச்சையைக் கலந்து பூசியவர்களில் அவரும் ஒருவர். திரும்பி என்னைப் பார்த்தார். இப்போது வாயைத் திறக்கப் போகிறார், தெருவே கூடப் போகிறது என்று நின்றேன். அவர் விரிப்பை மெதுவாகக் கீழே இழுத்து அந்த இடத்தை மூடினார். அவர் கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். கத்தாததுதான் என்னைக் கொன்றது.

"கருத்தைச் சொல்லு," என்றார்.

செபமாலை தொடங்குமுன், அதை எந்தக் கருத்துக்காக ஒப்புக்கொடுக்கிறோம் என்று வீட்டுக்காரி சொல்ல வேண்டும். நாட்டின் சமாதானத்துக்காக, கடல் திறபடுவதற்காக என்று பாடமாக்கி வைத்திருந்தேன்.

"கோயில் வாங்கிலை எட்டு நட்டுக் கழட்டினவளுக்காக," என்றேன். "அது நான்தான். மூப்பர் அண்ணை ஒண்டும் அறியார். அக்காவின்ரை கையை முறிச்சதும் நான்தான்."

யாகோப்பு தலையைக் குனித்துக்கொண்டார்.

"இஞ்சாருங்கோ, ஸ்பனரையும் பீப்பாவையும் கொண்டு வாங்கோ."

யாகோப்பு கொண்டுவந்தார். மாதாவைப் பீப்பாவுக்கு மாற்றிவிட்டு, அத்தனை பேருக்கும் முன்னால் எட்டையும் கழற்றினேன். மேசை மறுபடியும் வெறும் பலகையானது. நட்டுகளை அள்ளிக்கொண்டு படலைக்குப் போய்ச் செபநாயகம் அண்ணையிடம் நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"சுவாமியிட்டை நீயே குடு," என்றார்.

"ஓம் அண்ணை."

திரும்பி உள்ளே வந்தேன். அக்கா சுகமான கையால் பீப்பாவை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"இது ஆடாது," என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அவரே செபத்தைத் தொடங்கினார். நான் எட்டு நட்டையும் கைக்குள் பொத்தியபடி எல்லாருக்கும் பின்னால் போய் முழந்தாளிட்டேன்.