முக்கால் மனசு

மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஓடும் பஸ்ஸின் முதுகில் ஒரு இங்கிலீஷ் வினைச்சொல் பிசகியிருந்தால், பாலத்துக்குக் கீழே மீன் வாங்கிக்கொண்டிருக்கும் ரசலையன் சாருக்குப் பல் கூசும். இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த அண்ணனின் அடக்க ஆராதனையில், வெளியூர்ப் போதகர் இங்கிலீஷில் ‘அவர் வாழ்நாளில் பாதி’ என்று தொடங்கி வினையைப் பன்மையில் முடித்ததும், சார் எழுந்து நின்று திருத்தினார். பெட்டிக்குள் கிடந்த அண்ணன் தலையசைத்து ஆமோதித்ததாக முன்வரிசைக்காரர்கள் சத்தியம் செய்கிறார்கள். சார் அதை நம்பவில்லை. அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது.

மகள் ஜினிஷா நர்ஸ். அயர்லாந்து வேலைக்கான இங்கிலீஷ் பரீட்சைக்கு அவள் படித்தபோது சார் வீட்டில் ஒரு சட்டம் போட்டார்: சாப்பாட்டு மேசையில் இங்கிலீஷ் மட்டும். தமிழில் கேட்டால் குழம்பு வராது. இங்கிலீஷ் தெரியாத மனைவி நேசபாய் வாய் திறக்காமல் பரிமாறினாள். மகள் பாஸாகி, டிக்கெட் எடுத்த பிறகும் சட்டம் தளரவில்லை.

கிளம்புவதற்கு முந்தின மதியம் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும். பாடம், பின்னங்கள். பாதி, முக்கால் என்று வந்தால் அதைப் பார்க்கக் கூடாது. எதில் பாதி, எதில் முக்கால் என்று பார்க்க வேண்டும். அது ஒன்றானால் வினை ஒருமை, பலவானால் பன்மை. இதையெல்லாம் இங்கிலீஷிலேயே விளக்கிவிட்டு, ஒரு உதாரணம் கேட்டார் சார்.

ஜினிஷா மரச்சீனியை வெறுமனே நசுக்கிக்கொண்டிருந்தாள்.

“த்ரீ ஃபோர்த்ஸ் ஆஃப் மை ஹார்ட் ஆர் ஹியர்.”

சாருக்குப் பல் கூசியது. “நோ ‘ஆர்’! ‘இஸ்’! ஒன் ஹார்ட். அகெய்ன்.”

‘இஸ்’ போட்டுச் சொன்னாள். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அப்போது குரல் உடைந்தது. வினை சரியாக இருந்ததால் சார் அதைப் பொருட்படுத்தவில்லை. “வெரி குட்.”

“பிள்ள என்ன சொல்லுதா? கண்ணு கலங்கியிருக்கே?” என்றாள் நேசபாய்.

“ஃபிராக்‌ஷன்ஸ்,” என்றார் சார்.

ஏதோ ஆஸ்பத்திரிக் காரியம் என்று நினைத்து அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

இந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை என்று அயர்லாந்திலிருந்து மகள் போன வாரம் சொன்னாள். அன்று சோறு போட வந்த நேசபாய் கரண்டியோடு நின்றாள்.

“போறதுக்கு முந்தின நாளு பிள்ள ஒரே காரியத்தத் திரும்பத் திரும்பச் சொன்னாளே, அது என்னதுன்னு இண்ணைக்காவது சொல்லுங்க.”

சட்டம் போட்ட பிறகு அந்த மேசையில் சார் முதன்முறையாகத் தமிழ் பேசினார். “என் மனசுல முக்காலும் இஞ்சதான் கெடக்குன்னு…”

சொல்லி முடிக்கும்போதுதான் அவர் காதிலும் அது விழுந்தது.

நேசபாய் குழம்புச் சட்டியை மேசையில் வைத்தாள். “இத அண்ணைக்கே தமிழ்ல சொல்லியிருந்தா, நான் எம்பிள்ளைய விட்டிருப்பனா?”

ஞாயிற்றுக்கிழமை போனில் ஜினிஷாவின் முகம் தெரிந்ததும் சார் தொண்டையைச் செருமினார்.

“மக்களே, போறதுக்கு முந்தி நீ ஒரு உதாரணம் சொன்னியே…”

“எதுப்பா? தப்பாச் சொன்னேனா?”

“இல்ல மக்களே. நீ சரியாத்தான் சொன்னே.”

“எனக்கு ஓர்மையே இல்லப்பா,” என்று சிரித்தாள். “டூட்டிக்கு நேரமாச்சு. அப்புறம் பேசுதேன்னு அம்மாட்ட சொல்லுங்க.”

நேசபாய் கை துடைத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் திரை இருண்டுவிட்டது.