கீரைப்பாத்தியில் விழுந்தது

மலர்வளையத்தை வைத்துவிட்டு, படத்தில் தன் முகம் விழுந்ததா என்று கேட்டார் குடியிருப்புச் சங்கச் செயலாளர். விழவில்லை என்றதும் வளையத்தை எடுத்து, முகத்தைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி வைத்தார்.

லிஃப்ட் மெக்கானிக் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கூடத்தில் பிணமாகப் படுத்திருப்பவள் அவன் மனைவி.

"நம்ம தோட்டத்தம்மா போனதுல குடியிருப்பே களையிழந்துடுச்சு சார்" என்று செயலாளர் அவன் கையைப் பிடித்தார். பிசுபிசுவென்றிருந்தது.

தோட்டத்தம்மாவாம். போன மாதம்வரை இதே வாய்க்கு அவள் குப்பைக்காரம்மா.

பின்பக்கக் காலிமனையில் பத்து வருஷக் குப்பை கிடந்தது. தபால் நிலையத்தில் ஆறு நாள் முத்திரை குத்திவிட்டு, ஞாயிறானால் மண்வெட்டியோடு அங்கே போய்விடுவாள். கூடவே ஒரு தையல்காரி, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர். எட்டு மாதம் அள்ளினார்கள். அப்புறம் கீரை வந்தது, தக்காளி வந்தது. யார் வேண்டுமானாலும் பறிக்கலாம் என்று சொல்லிவிட்டாள். சனங்கள் கீழே வந்து கீரை பறித்தார்கள். மேலே போய்க் குப்பைப் பையை வீசினார்கள். மழைக்குத் தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நின்று அதையும் அள்ளினாள். எலிக்காய்ச்சல். ஒன்பதாம் நாள் முடிந்துபோனது.

அவன் மட்டும் என்ன ஒழுங்கு? "வெளிக்குழாய்லயே குளிச்சுட்டு வா. குடலைப் புரட்டுது" என்பான்.

"உங்க கிரீஸ் மட்டும் சந்தனமா?"

"அது என் வேலை நாத்தம். இது ஊரான் வீட்டு நாத்தம்."

சிரிப்பாள். "ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை வாங்களேன்" என்பாள். அவன் போர்வையை இழுத்து மூடிக்கொள்வான். கடைசி இரண்டு மாதம் பாயைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டான்.

"தோட்டத்துக்கு அவங்க பேரையே வைக்கறதா தீர்மானம் போட்டாச்சு" என்றார் செயலாளர். "பலகைகூட எழுதக் குடுத்துட்டோம்."

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தையல்காரி நிமிர்ந்தாள். "தோட்டத்துக்கு ஒரு தண்ணிக் குழாய் கேட்டு அக்கா உங்க வாசலுக்கு எத்தனை நடை நடந்தாங்க? அப்ப எங்க போச்சு இந்தத் தீர்மானம்?"

"துக்க வீட்ல எதுக்கும்மா அதெல்லாம்..."

பின்பக்கம் தொப்பென்று சத்தம். கூடத்தில் எல்லோருக்கும் அது என்ன சத்தமென்று தெரியும். செயலாளர் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

மெக்கானிக் ஜன்னலுக்குப் போனான். கீரைப்பாத்தியின் நடுவில் ஒரு கறுப்புப் பை வெடித்துக் கிடந்தது. தலையைச் சாய்த்து மேலே பார்த்தான், மூன்றாம் மாடியில் ஒரு கை ஜன்னலைச் சாத்தியது.

செருப்பை மாட்டினான்.

"வண்டி வர்ற நேரம் தம்பி, எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் பஸ் டிரைவர்.

"இதோ வந்துடறேண்ணே."

குழந்தையின் அழுக்குத் துணி, மீன் முள், ஊசிப்போன சோறு. வெறுங்கையால் அள்ளினான். மஞ்சள் நீர் முழங்கை வரைக்கும் வழிந்தது. பாதியில் எழுந்துபோய்ச் சுவரோரம் வாந்தியெடுத்தான். வாயைத் தோளில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, கீரைத் தண்டுகளுக்கிடையே சிக்கியிருந்த சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினான். நசுங்கிய கீரையை நிமிர்த்திப் பார்த்தான், நிற்கவில்லை.

பை கிழிந்திருந்ததால் அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கிக்கொண்டான். லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. படியேறினான். எதிரே இறங்கி வந்த ஒரு பெண்மணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி வழிவிட்டார்.

மூன்றாம் மாடியில் அந்த ஜன்னல் வீட்டுக் கதவருகே முழங்கையால் மணியை அழுத்தினான். உள்ளே டிவி சத்தம் குறைந்தது.

"யாரு?"

வாசலில் புது மிதியடி விரித்திருந்தது. பையிலிருந்து அதன் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. மறுபடியும் மணியை அழுத்தினான்.