டி டிரைவ் உள்ளேதான் இருக்கிறது

பன்னீர்செல்வத்தை நான் மன்னிக்கப் போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் டீச்சர் மனசு இளகிவிடும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

போர்ட் பிளேரில் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் கத்தியவள் நான். ஓய்வு பெற்றதும் வாய்க்கு ஓய்வு கொடுத்து, காதுக்கு வேலை கொடுத்தேன். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இந்தத் தீவுகளுக்குக் குடியேற வந்த தமிழர்களைத் தேடிப் போய், கையடக்கக் கருவி ஒன்றில் அவர்கள் பேச்சைப் பதிவு செய்தேன். முப்பத்து நான்கு பேர். காடு வெட்டியது, அட்டை கடித்தது, மெயின்லேண்ட் கடிதத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்தது என்று எல்லாம் அவரவர் குரலில். குட்வில் எஸ்டேட்டில் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் டி டிரைவ் முழுக்க அவர்கள்தான் இருந்தார்கள்.

கருவி நிறைய நிறையப் பதிவுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, கருவியைக் காலி செய்து தந்தவன் பன்னீர்செல்வம். பக்கத்துத் தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு என் வீட்டில்தான். சிடியில் ஒரு நகல் போட்டு வைக்கலாமா என்று கேட்டேன். இந்த ஊர் ஈரத்தில் சிடியில் பூஞ்சை பிடித்துவிடும், டிஸ்க்தான் பத்திரம் என்றான். அது உண்மைதான். என்னிடமிருந்த பாட்டு சிடிகள் எல்லாம் அப்படித்தான் போயின. நம்பினேன்.

அந்த முப்பத்து நான்கு பேரில் ஒருத்தி, லாங் ஐலண்ட் என்ற தீவில் இருந்த அமுதம். மணப்பாட்டுக்காரி. அறுபத்திரண்டில் கணவர் மிக்கேலோடு கப்பல் ஏறி வந்தவள். மிக்கேலுக்கு மர ஆலையில் வேலை. முதல் நாள் அமுதம் மூன்று மணி நேரம் பேசினாள், சிரித்து எனக்கு வயிறு வலித்தது. இரண்டாம் நாள் கருவியை எடுத்து வைத்ததும் என்னை வெளியே போகச் சொன்னாள்.

“இது எம்மவளுக்கு. நான் போனப்புறம் அவ கேக்கட்டும். நீங்க கேக்கப்படாது டீச்சர். சத்தியம் பண்ணுங்க.”

பண்ணினேன். நாற்பது நிமிடம் வெயிலில் நின்றேன். ‘அமுதம் 2’ என்று பெயர் போட்டு அந்தப் பதிவை வைத்திருந்தேன். ஊர் வம்பென்றால் எனக்குக் கற்கண்டு, ஆனாலும் அதை ஒருநாளும் திறந்ததில்லை. திறக்கக் கூடாது என்று பன்னீரிடமும் சொல்லியிருந்தேன். தலையை ஆட்டினான்.

போன ஜனவரியில் யாரோ கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது. பன்னீருக்கு அப்போது சென்னையில் வேலை கிடைத்து, கப்பல் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. போவதற்கு முன் பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற புது சிஸ்டம் போட்டுத் தருகிறேன், வைரஸ் தொல்லையே இருக்காது, சி டிரைவை மட்டும்தான் தொடுவேன், டி அப்படியே இருக்கும் என்றான். கப்பல் மறுநாள் என்பதால் நிதானமாக உட்கார்ந்தான். பதினோரு மணிக்கு ரேடியோவில் அறிவிப்பு வந்தது. கப்பல் இன்றைக்கே நான்கு மணிக்குக் கிளம்புகிறது, இரண்டுக்குள் ஹாடோ துறைக்கு வந்துவிட வேண்டும். தீவில் இது புதிதில்லை. கப்பல் சொல்வதுதான் நேரம். பதறிப்போய் அவன் கீபோர்டைத் தட்டினான். நான் சமையலறையில், மூன்று நாள் கடலில் கெடாமல் இருக்கட்டும் என்று அவனுக்குப் புளிசாதம் கிளறிக்கொண்டிருந்தேன்.

ஒரு மணிக்குப் புது சிஸ்டம் பளிச்சென்று வந்தது. டி எங்கே என்று கேட்டேன்.

“டி உள்ளதான் இருக்கு டீச்சர். இதுல பார்ட்டிஷன அப்புறமா சேக்கணும். லீவுல வந்து சேத்துத் தர்றேன். நீங்க பாட்டுக்கு யூஸ் பண்ணுங்க.”

பயன்படுத்தினேன். தமிழர் சங்கத்தின் இருபது வருட ஆண்டுவிழா வீடியோக்களைச் சேர்த்து வைக்க இடமில்லை என்றார்கள். என்னிடம் இடம் இருக்கிறது என்று பெருமையாக வாங்கி ஏற்றினேன். ஆட்டமும் பாட்டும் பொன்னாடையுமாக டிஸ்க் நிறைந்தது.

இடையில் நானே அந்தப் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்கின் அந்தத் தனிப் பகுதியை, சேர்க்கப் பார்த்தேன். அதற்கான திரையில் டிஸ்க் முழுவதும் ஒரே நீளப் பட்டையாகத் தெரிந்தது. புதிதாகச் சேர்க்கும் பொத்தான் மங்கிக் கிடந்தது, எத்தனை முறை அமுக்கினாலும் அசையவில்லை. பன்னீருக்குப் போன் செய்தேன். அதற்குத் தனி சிடி வேண்டும், வரும்போது கொண்டுவருகிறேன் என்றான். அடுத்த மாதமும் அதையே சொன்னான். அதற்கடுத்து போனை எடுக்கவில்லை. புது வேலை, பாவம், என்று நானே அவனுக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

செப்டம்பரில் அமுதம் இறந்துபோனாள். மகள் ஞானசெல்வி லாங் ஐலண்டில் அங்கன்வாடி ஆசிரியை. நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் வருகிறேன், அம்மா குரலை எடுத்து வையுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். அதற்குமேல் காத்திருக்க முடியாது. கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றி அபர்தீன் பஜாரில் ரிப்பேர்க் கடை வைத்திருந்த கிருஷ்ணமூர்த்தியிடம் கொண்டுபோனேன். ஒரு பார்ட்டிஷன் சேர்த்தால் போதும், டி வெளியே வந்துவிடும் என்று அவருக்கே பாடம் எடுத்தேன்.

அவர் பத்து நிமிடம் பார்த்தார். பிறகு எனக்கு நாற்காலி போடச் சொன்னார்.

டி உள்ளே இல்லை. லினக்ஸ் போடும்போதே டிஸ்கை எப்படிப் பிரிப்பது என்று ஒரு கேள்வி வரும். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிக்க நேரமாகும். ‘முழு டிஸ்கையும் எடுத்துக்கொள்’ என்று சொல்லிவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும். பன்னீர் அதைத்தான் சொல்லியிருக்கிறான். பழைய சியும் போய், டியும் போய், எல்லாம் ஒன்றாகிவிட்டது. அதனால்தான் எனக்குச் சேர்க்க இடமே வரவில்லை.

“அன்னைக்கே நிறுத்திட்டுக் கொண்டாந்திருந்தா முக்கால்வாசி மீட்டிருக்கலாம் டீச்சர். அதுக்கு மேலயே வேற ஏத்திட்டீங்களே” என்றார்.

இரண்டு நாள் முயன்றார். கிடைத்ததெல்லாம் சங்கத்து விழா. அழித்தது அவன், ஆனால் அழிந்ததன் மேல் மண் போட்டு மூடியது நான். என் கையாலேயே அதைச் செய்ய வைத்துவிட்டுப் போயிருக்கிறான். வீட்டுக்கு வந்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. அன்று காலை வேலையைத் தொடங்குவதற்கு முன், என் கம்ப்யூட்டரில் வைத்திருந்த தன் சர்டிபிகேட்டுகளையும் போட்டோக்களையும் அவன் ஒரு சிடியில் எடுத்துக்கொண்டான். புது சிடியை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்ததே நான்தான். தன்னுடையது போய்விடுமோ என்ற பயம் அவனுக்கு இருந்திருக்கிறது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில், அவன் எதிரே இருந்திருந்தால் நிச்சயம் கை நீட்டியிருப்பேன்.

வியாழக்கிழமை ஞானசெல்வி வந்தாள். காபியைக்கூடத் தொடாமல் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அந்தத் தம்பிக்குப் போன் போடுங்கள் என்று மட்டும் சொன்னாள். அவள் போனிலிருந்தே அடித்தோம். தெரியாத நம்பர் என்பதால் எடுத்தான். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

முதலில் மழுப்பினான். கிருஷ்ணமூர்த்தி டிஸ்கைத் திறந்து பார்த்துவிட்டார் என்றதும் அடங்கினான்.

“முடிச்ச உடனே தெரிஞ்சிருச்சு டீச்சர். ஜஹாஸ் கெளம்புற டைம் ஆயிருச்சு. சொன்னா நீங்க என்னைப் போக விட்ருக்க மாட்டீங்க.”

விட்டிருக்க மாட்டேன்தான். ஆனால் கப்பல் போய்ச் சேர்ந்த பிறகு ஒன்பது மாதம் இருந்ததே என்று கேட்டேன். ஞானசெல்வி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

“தம்பி, எங்கம்மா பேசுனத நீங்களாவது கேட்டீங்களா?”

“கொஞ்சம் கேட்டேன்க்கா. காப்பி பண்றப்ப. ஆரம்பத்துலேர்ந்தே அழுதுட்டே இருந்தாங்க. வேற ஒண்ணும் இல்லியேன்னு நிறுத்திட்டேன்.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சத்தியத்தைக் காப்பாற்றிய எனக்கு ஒன்றும் தெரியாது. மீறிக் கேட்டவனுக்கோ அலுத்துவிட்டது. அமுதத்தின் நாற்பது நிமிடத்தில் இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது இவன் காதில் விழுந்த அழுகை மட்டும்தான். போனை அணைக்கப் போனேன். ஞானசெல்வி தடுத்தாள்.

“அழுதாங்களா? நல்லாத் தெரியுமா?”

“ஆமாக்கா.”

அவளே போனை வைத்துவிட்டாள். அப்பா செத்தபோதுகூட அம்மா கண்ணில் தண்ணீர் பார்த்ததில்லை என்றாள். ஆறிப்போன காபியை எடுத்து முழுவதும் குடித்தாள். பிறகு, பள்ளிக்கூடத்தில் சந்தேகம் கேட்கிற பிள்ளைபோல என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“எதுக்கு அழுதாங்கன்னு இனி யாருக்குமே தெரியாது, இல்லியா டீச்சர்?”

“தெரியாதும்மா” என்றேன்.