மில் மாவுக் கேக்

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் இருக்கும் எங்கள் ஊரில், ஓடைத் தண்ணீரில் சுற்றும் பழைய மாவு மில்லைப் புதுப்பித்துப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டவர் க்ளெமெண்ட். ஓய்வுபெற்ற பல் டாக்டர். மில் கல்லைக் கொத்தவும் தானாகவே கற்றுக்கொண்டார். அதன் பலன், அந்த மாவில் எதைச் சுட்டாலும் வாயில் நறநறவென்று கல்துகள். ஆனாலும் ஞாயிறுதோறும் ஊரே வாங்கியது, "அருமை" என்றது, வீட்டுக்குப் போய்க் கோழிக்குப் போட்டது. ஒருவர் மனம் நோக உண்மை பேசுவதைவிட எங்களுக்குப் பல்லைப் பறிகொடுப்பது சுலபம்.

என் மகள் இமோஜனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கேக்கை அவளே செய்வதாகப் பிடிவாதம் பிடித்தாள். அடுத்த மாதம் பேக்கரி திறக்கிறாள். விருந்துக்கு வருகிறவர்கள்தான் நாளைய வாடிக்கையாளர்கள். க்ளெமெண்ட் ஒரு மூட்டை மாவோடு வாசலில் வந்து நின்றார்.

"கல்யாணக் கேக்குக்கு என் பரிசு, வினிஃப்ரெட்!"

"ஐயோ, எதுக்கு இதெல்லாம்!" என்றேன். நிஜமாகவே எதற்கு?

அவர் போனதும் இமோஜன் பொரிந்து தள்ளினாள். "இதப் போட்டா என் கடைக்கு ஈ காக்கா வராதும்மா. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

மில்லுக்குப் போனேன். டீ குடித்தேன். மழையைப் பற்றிப் பேசினேன். மறுபடியும் மழையைப் பற்றிப் பேசினேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு போட்டு உடைத்தேன்.

"க்ளெமெண்ட், உங்க மாவு வாயில வைக்க முடியல."

"அப்பாடா!" என்றார் அவர். "எனக்கு மொதல்லயே தெரியும். எங்க வீட்டுல கடை மாவுதான். நீங்கல்லாம் ஆசையா வாங்குறீங்களே, நிறுத்தினா வருத்தப்படுவீங்கன்னுதான் அரைக்கிறேன். வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, பாவம்."

இமோஜன் கடை மாவில் கேக் செய்தாள். கிண்ணத்தில் ஒட்டியிருந்ததை நான் வழித்துத் தின்றேன். அப்படியொரு ருசி.

கல்யாண விருந்தில், அந்த மூட்டைப் பரிசைப் பற்றி மட்டும் கேள்விப்பட்டிருந்த பாதிரியார் எழுந்தார். "இது நம்ம க்ளெமெண்ட் மில் மாவுல செஞ்ச கேக்!"

எல்லோரும் கைதட்டினார்கள். நான் பாதி எழுந்தேன். பாதிரியாரை நாலு பேர் முன்னால் திருத்துவதா? உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொருவராக வந்து, "பிரமாதம், இமோஜன்!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கூடத்தைச் சுத்தம் செய்தபோது கண்டோம். பூந்தொட்டிகளில், நாற்காலிகளுக்கு அடியில், பியானோவுக்குப் பின்னால், எங்கு பார்த்தாலும் கேக். ஒரு துண்டிலும் பல் படவில்லை.

இமோஜன் கல்யாண கவுனோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நீ ஏம்மா எழுந்து சொல்லல?"

"பாதிரியார் மனசு நோகுமேன்னு..."

"என் மனசு?" என்றாள்.