கிளாரினெட்டின் முதுகில் இரண்டெழுத்து

பிலிமத்தலாவையில், கண்டி ரோட்டோரமாக, பழைய வாத்தியச் சாமான் விற்கிற கடை ஒன்று இருந்தது. வெளிநாட்டிலிருந்து கொண்டெய்னரில் வந்த கிட்டார், டிரம், ஓட்டை ஓர்கன் எல்லாம் அங்கே கூரை முட்டக் கிடக்கும். கடைக்காரர் ஸாகி நானா ஒரு துவாயை விரித்து, தூங்குகிற பிள்ளைகளைக் கிடத்துகிற மாதிரி மூன்று கிளாரினெட்டை வரிசையாக வைத்தார்.

இராஜகுமாரி கையை நீட்டினாள். தொடாமலே இழுத்துக்கொண்டாள்.

"என்னடி, சுடுமா?" என்று சிரித்தாள் கூட வந்த சஞ்சீவனி.

"நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு சஞ்சி. பிடிக்கத் தெரியுமோ என்னவோ."

அந்தக் கை ஏன் அப்படிப் பின்வாங்கியது என்று கேளுங்கள். கண்டியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். அதன் பேண்டில் இந்த இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. பள்ளிக்கூடக் கீதத்தின் முதல் நாலு வரியை ஒரே ஒரு கிளாரினெட்தான் வாசிக்கும். மற்ற வாத்தியமெல்லாம் மூச்சுக் காட்டாமல் காத்திருக்கும். அந்த நாலு வரி எப்போதும் இராஜகுமாரிக்குத்தான், சஞ்சீவனி இரண்டாவது. படிப்பு முடிந்த அன்றைக்கு இராஜகுமாரி பள்ளிக்கூடத்துக் கிளாரினெட்டை அலுமாரியில் திருப்பி வைத்துவிட்டு வந்தாள். சொந்தமாக ஒன்று வாங்க வீட்டில் வழியில்லை. பிறகு தெல்தெனிய தபால் கந்தோரில் வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள். சஞ்சீவனியோ விடவேயில்லை. சங்கீத டீச்சராகி, நூறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, இப்போது அவளும் பென்ஷன் எடுத்துவிட்டாள்.

இந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு நூறு வயது. பழைய மாணவிகளெல்லாம் சேர்ந்து விழாவில் பேண்ட் வாசிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இராஜகுமாரிக்கு ஒரே ஓர் ஆசை வந்தது. அந்த நாலு வரியை இன்னொரு தடவை வாசிக்க வேண்டும். வெளியே சொல்ல வெட்கம். சஞ்சீவனியிடம் மட்டும் சொன்னாள்.

"அதுக்கென்ன, நானே கூட்டிட்டுப் போய் நல்லதா ஒண்ணு பாத்துத் தர்றேன்" என்றாள் சஞ்சீவனி. ஒரு கூட்டாளி இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும், சொல்லுங்கள்?

முதல் கிளாரினெட்டில் காற்று ஒழுகியது. இரண்டாவது கறுப்புப் பிளாஸ்டிக். இராஜகுமாரி ஊதியதும் தாரா வாத்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மூன்று பேரும் சிரித்தார்கள். நாலாவது மூச்சில் சுரம் உருண்டையாக, தண்ணீரில் நனைந்த மாதிரி வெளியே வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது போதும் சஞ்சி. என் மூச்சுக்குச் சரியா இருக்கு."

"பிளாஸ்டிக்கா? நூறாவது வருஷத்துக்கு நீ வாளியத் தூக்கிட்டு வர்றேன்னு சிரிப்பாங்க. இதைப் பாரு."

மூன்றாவது, மரத்தில் செய்தது. கரிய உடம்பு, வெள்ளிச் சாவிகள், உள்ளே நீல வெல்வெட் வைத்த பெட்டி. இராஜகுமாரி திருப்பிப் பார்த்தாள். முதுகுப்பக்கம், செய்த கம்பெனியின் பெயருக்குக் கீழே, எச்.பி. என்று இரண்டெழுத்து பொறித்திருந்தது.

"என்னடி இது, எச்.பி.? ஹயர் பர்ச்சேஸா? தவணை கட்டாம யாராவது தள்ளி விட்டுட்டாங்களா?"

சஞ்சீவனி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஹை பர்ஃபோமன்ஸ்டி, லூசு. மேடைக்குன்னே செஞ்சது."

ஊதி ஊதி வாய் உலர்ந்துபோய், இராஜகுமாரி முன்னால் இருந்த கடையில் தண்ணீர் வாங்கப் போனாள். திரும்பி வந்தபோது மரக் கிளாரினெட் பெட்டியில் வைத்துக் கட்டித் தயாராக இருந்தது; காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் தனியாக வாசித்தபோது அது தேன்தான். பக்கத்து வீட்டு ரத்தினம்மா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "யாரு, ரேடியோவான்னு நெனச்சேன்" என்றாள். ஆனால் சனிக்கிழமைகளில் பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லாரோடும் சேர்ந்து வாசித்தால், அவளுடைய சத்தம் மட்டும் ஒரு முள்ளைப்போல மேலே துருத்திக்கொண்டு நின்றது. பேண்டைப் பழக்கியவள் நிஷாந்தினி டீச்சர், வயதில் சின்னவள். கீபோர்டில் சுரம் கொடுத்துக் கொடுத்துக் களைத்துப் போனாள்.

"ஆன்ட்டி, சுருதி கொஞ்சம் கூடப் போகுது. வாயை இறுக்காதீங்க."

இராஜகுமாரி வாயைத் தளர்த்தினாள். கிளாரினெட்டின் மூட்டுகளைக் கொஞ்சம் இழுத்து விட்டாள். சில சுரம் இறங்கியது, மற்றது இறங்கவில்லை. இப்போது வாத்தியம் தனக்குள்ளேயே சண்டை போட்டது. பின்வரிசையில் யாரோ, "சிலோன் ட்ரான்ஸ்போர்ட் பஸ் ஹோர்ன்" என்று முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது.

பஸ்ஸில் சஞ்சீவனி அவள் தோளைத் தடவினாள். "மனசை விடாத ராஜி. வயசானா சுருதி கேக்காதுடி. எல்லாருக்கும் வர்றதுதான்."

காதுதான் கெட்டுவிட்டது என்று அவள் நம்பிவிட்டாள். அடுப்படியில் பாட்டு முணுமுணுப்பதை நிறுத்தினாள். பேரப்பிள்ளையைத் தாலாட்டும்போது நடுவில் நிறுத்தி, "அம்மாச்சி சரியாப் பாடுறேனா?" என்று மகளைக் கேட்டாள். கடைசியில் கண்டி டவுனில் ஒரு காது டொக்டரைக் காட்ட, காசு கட்டி நம்பர் எடுத்துச் சனல் பண்ணினாள். சஞ்சீவனியும் கூடவே வந்தாள். நம்பர் கூப்பிடும்வரை இரண்டு மணித்தியாலம் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வயசுக்குக் காது பிரமாதம்" என்றார் டொக்டர்.

"அப்ப வாய்தான் போயிருச்சு" என்றாள் சஞ்சீவனி, வெளியே வந்ததும், அவ்வளவு இரக்கமாக.

வரும் சனிக்கிழமை முதல் நாலு வரியை யார் வாசிப்பது என்று முடிவாகும். அதற்கு இரண்டு நாளைக்கு முன்னால், யாரிடமும் சொல்லாமல், இராஜகுமாரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிலிமத்தலாவைக்குப் பஸ் ஏறினாள்.

"திருப்பி எடுப்பீங்களா நானா? எனக்கு இனி வாசிக்க வராது."

ஸாகி நானா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நெற்றியைச் சொறிந்தார். "இத பேண்டுலயா வாசிச்ச நீங்க? அண்டைக்கே சென்னேனே தங்கச்சி. இது பழைய பட்டாளத்துச் சாமான். எச்.பி. எண்டா ஹை பிட்ச். அந்தக் காலத்துச் சுருதி, இப்பத்தய சுருதிய விட மேல ஈக்கி. தனிய ஊதினா நல்லம். மத்த சாமானோட ஒரு நாளும் சேராது."

"யாருகிட்ட சொன்னீங்க?"

"உங்கட கூட்டாளிக்கிட்டத்தான். நீங்க தண்ணி வாங்கப் போன நேரம். நான் செல்லவும், அவங்க, 'எனக்குத் தெரியும் நானா, அவ வீட்டுல சும்மா ஊதத்தான்' எண்டாங்க."

ரோட்டில் ஒரு லொறி போனது. தொங்கிக்கொண்டிருந்த கிட்டார்களின் கம்பிகளெல்லாம் லேசாக அதிர்ந்தன. இராஜகுமாரி கதிரையைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். அவளுக்கு அப்போது கிளாரினெட் ஞாபகம் வரவில்லை, பாருங்கள். காது டொக்டரின் வாசலில் தன் கை கிடந்த மடிதான் ஞாபகம் வந்தது.

பிளாஸ்டிக் கிளாரினெட் இன்னும் விற்காமல் இருந்தது. ஸாகி நானா அதைத் துடைத்துக் கொடுத்தார். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தார். அவள் ஊதினாள்.

"சரியா இருக்கா நானா?"

"என்னையா கேக்குறீங்க? உங்களுக்கெண்டு காது ஈக்கிதானே."

மறுபடியும் ஊதினாள். இரண்டு சத்தமும் ஒன்றாகி, எது எதென்று பிரிக்க முடியாமல் போனது.

"சரியா இருக்கு" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சனிக்கிழமை. நிஷாந்தினி டீச்சர் சுரம் கொடுத்தாள். இராஜகுமாரி சேர்ந்தாள். டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். "ஆன்ட்டி! வந்துருச்சே! எங்க, முதல் நாலு வரியை நீங்க வாசிங்க பாப்போம்."

வாசித்தாள். மண்டபம் மூச்சுக் காட்டாமல் கேட்டது. ஓரிடத்தில் மட்டும் விரல் தடுக்கியது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. முடிந்ததும் பின்வரிசையிலிருந்து கைதட்டல் கேட்டது. டீச்சர் தன் தாளில் சஞ்சீவனி என்று எழுதியிருந்ததை அழித்து, இராஜகுமாரி என்று எழுதினாள்.

சஞ்சீவனி பிளாஸ்டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாத்திட்டியா?"

"மாத்திட்டேன். ஸாகி நானா எல்லாம் சொன்னாரு."

சஞ்சீவனியின் கழுத்து சிவந்தது. தாள்களை அடுக்கினாள், மறுபடியும் கலைத்தாள். "நாப்பது வருஷமா நான் விடாம வாசிச்சேன் ராஜி. நீ வர்றேன்னு சொன்ன உடனே எல்லாரும், 'ஆ, இராஜகுமாரியா, அப்ப நாலு வரி அவளுக்குத்தான்'னாங்க. ஒருத்தியாவது என்னைக் கேட்டாளா?"

"நீ கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேன்டி."

"அதான். நீ குடுக்கணும்."

அந்தக் கோபம்கூட இராஜகுமாரிக்கு விளங்கியது. விளங்காதது வேறொன்று.

"டொக்டர்கிட்ட ஏன்டி வந்தே? காதுல ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சிக்கிட்டே, என் கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தியே?"

சஞ்சீவனி உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுப் பார்த்தாள். "நீ பயந்துபோயிருந்தே. உன்னை எப்படித் தனியா விடுறது?"

நீங்களானால் என்ன சொல்வீர்கள்? சஞ்சீவனி திட்டியிருந்தால் இராஜகுமாரி அழுதிருக்கலாம். இப்போதும் பொய் சொல்லியிருந்தால் வெறுத்திருக்கலாம்.

பேண்ட் பழக்கம் முடிந்து வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் ஓட்டமாகப் போய்விட்டார்கள். படிக்கட்டில் சஞ்சீவனி குடையை விரித்து, பாதி இடத்தைக் காலியாக விட்டு நின்றாள்.

"வா ராஜி. பஸ் போயிரும்."

"நீ போ. எனக்கு ரீட்டைக் காய வச்சு எடுத்து வைக்கணும்."

ரீட் என்பது வாயில் வைத்து ஊதுகிற ஒரு நாணல் சீவல், அவ்வளவுதான். துணியில் ஒற்றி எடுத்தால் முடிந்தது. அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சஞ்சீவனி குடையைத் தன் தலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.